கலைக்கு அளந்த நெல்

காவிரி பாயும் சோழ வளநாட்டில் திருவிழா என்னும் சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் செவியில் முதலில் ஒலிப்பது நாகஸ்வரம். எம்பெருமான் வீதிப் புறப்பாடு கண்டருளும்போது முன்னே திவ்யப் பிரபந்த கோஷ்டியும் பின்னே வேத கோஷ்டியும் செல்லும். இரவில் சந்நிதித் தெருவிலே போட்ட கீற்றுப் பந்தலில் கச்சேரியோ, ஹரிகதையோ, நாடகமோ நடைபெறும். அப்பந்தலுக்குக் கதவு கிடையாது. நுழைவுச் சீட்டும் கிடையாது. பந்தலின் உள்ளே இடம் மறுக்கப்பட்ட மக்களும் ஒரு காலத்தில் இருந்தனர் என்பது மறைக்கவொண்ணாத உண்மை. ஆயினும் இசை பந்தலோடு நின்றுவிடவில்லை. தெருக்கோடியில் நின்றவர் செவிக்கும், வாய்க்கால் மதகில் அமர்ந்தவர் செவிக்கும் அது சென்றது.

விலையின்றிக் கேட்கப்படும் கலை, செலவின்றி நடப்பதில்லை. பந்தல் போடுவோருக்குக் கூலி உண்டு. விளக்கிற்கு அன்று எண்ணெய், இன்று மின்சாரம். வித்துவானுக்குச் சம்பாவனை, பக்கவாத்தியக்காரருக்கு வழிச்செலவு, வந்தோர்க்குத் ததியாராதனை எனச் செலவினம் நீண்டுகொண்டே போகிறது. இவற்றையெல்லாம் ஏற்பவர் யார்? ஏற்றுக்கொண்டவருக்கு அதனால் உரிமை ஏதும் உண்டாகிறதா? பகவானுக்கு அர்ப்பணமாகப் பாடுகிறவர் பொருள் பெறுதல் முறையா? பெறாதிருக்கும்படி அவரை எதிர்பார்த்தல் முறையா? இலாபம் கருதாத கலையரங்கு ஒன்றை நடத்த முற்படும் எவரும் இவ்வினாக்களுக்கு விடை கண்டே ஆகவேண்டும். இவை கணக்குப் புத்தகத்தில் தோன்றும் வினாக்களேயாயினும், தருமத்தைப் பற்றிய வினாக்களுமாகும்.

களஞ்சியமும் கல்வெட்டும்

பாபநாசத்துப் பாலைவனநாதர் திருக்கோயிலில் நாயக்க மன்னர் காலத்துச் செங்கற் களஞ்சியம் ஒன்று இன்றும் நிற்கிறது. அது சுமார் 3000 கலம் நெல் கொள்ளும் என்பர். சைவக் கோயிலாயினும் வைணவக் கோயிலாயினும் அக்காலத்தில் வாழ்ந்த முறை ஒன்றே. வயல் விளைந்தது, நெல் களஞ்சியத்தை அடைந்தது, அங்கிருந்து மடைப்பள்ளிக்கும், விளக்கிற்கும், பாடுவோருக்கும், ஆடுவோருக்கும் அளக்கப்பட்டது. நாணயம் அரிதாக இருந்த காலத்தில் கலையின் ஊதியம் மரக்காலால் அளந்த நெல்லாகவே இருந்தது.

இம்முறையின் பேருருவைத் தஞ்சைப் பெரிய கோயிலில் காணலாம். இராசராச சோழனது 29-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள், தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரைப் பெயரும் முன்பிருந்த ஊரும் குறித்துக் கூறுகின்றன. ஒவ்வொருவருக்கும் ஒரு மனையும் ஆண்டொன்றுக்கு 100 கலம் நெல்லும் அளிக்கப்பட்டன. திருப்பதியம் பாடுவோர் 48 பேரும் அவர்களுக்கு முழக்குவோர் இருவரும் நாள்தோறும் முக்குருணி நெல் பெற்றனர். நானூற்றுவர் நெல்லை மட்டும் கூட்டினால் ஆண்டுக்கு 40,000 கலம். கால வேறுபாட்டால் வரும் அளவு மாறுபாட்டை ஒதுக்கிப் பார்த்தால், பாபநாசத்துக் களஞ்சியம் பதின்மூன்று முறை நிரம்பினாலும் அதற்குப் போதாது.

அக்கல்வெட்டில் கருதத்தக்க விதி ஒன்று உண்டு. பங்கு பெற்றவர் மறைந்தால் அடுத்த உறவினர் அப்பங்கைப் பெற்றுப் பணி செய்ய வேண்டும். உறவினருக்கு அத்தகுதி இல்லையெனில் தகுதி உடையவரைக் கொண்டு பணியைச் செய்விக்க வேண்டும். உரிமை குருதி வழியே வரலாம். கலையோ தகுதி வழியே மட்டுமே நடைபெறலாம் என்னும் தெளிவு அரசனுக்கு இருந்தது. கொடையைப் பணியோடு பிணைத்த இவ்விதியை இன்றைய அறக்கட்டளை எதுவும் தன் சாசனத்தின் முதல் ஏட்டில் எழுதிக்கொள்ளலாம்.

இத்தனை பெருமைக்கும் மறுபக்கம் ஒன்று உண்டு. அந்நெல்லை விளைவித்தவர் பெயர் எதுவும் அக்கற்களில் இல்லை. கோயிலுக்கு அளிக்கப்பட்ட பெண்டிரின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதைக் கூறும் வரியும் இல்லை. நூற்றாண்டுகள் செல்லச் செல்லக் கலைக்காக ஏற்பட்ட ஏற்பாடு பிறப்பால் சுமத்தப்படும் தளையாக மாறிற்று. 1947-ல் சென்னை மாகாணச் சட்டம் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. கலையைப் போஷிப்பது நற்செயலே. கலைஞரைச் சிறைப்படுத்தும் போஷணை நற்செயலாகாது. இவ்விரண்டையும் ஒருங்கே நினைவிற் கொண்டே பழைய மானியங்களைப் புகழ வேண்டும்.

பெருமாளே முதல் ரசிகர்

பாபநாசம் வட்டத்திலேயே, தஞ்சைக்கு அணித்தாக உள்ளது மெலட்டூர். தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் அந்தணக் குடும்பங்களுக்கு வீடும் நிலமும் அளித்து அவர்களைக் குடியேற்றிய ஊர் அஃது. அவர் பெயரால் அச்சுதபுரம் என்றும் வழங்கியது. அங்கே வாழ்ந்த வேங்கடராம சாஸ்திரி இயற்றிய தெலுங்கு நாடகங்கள் ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி வரதராசப் பெருமாள் திருமுன்னர் நடிக்கப்படுகின்றன. இதுவே பாகவத மேளா. பெருமாள் எழுந்தருளி மேடையை நோக்கி வீற்றிருப்பார். அவரே முதல் ரசிகர். பிரகலாத சரித்திரம் தொடங்கும்போது இரவு; தூணிலிருந்து நரசிங்கப் பெருமான் வெளிப்படும்போது கிழக்கு வெளுக்கும் நேரம். நரசிம்ம வேடம் புனைபவர் உபவாசம் இருந்தே அத்திருமுகத்தை அணிகிறார். நடிப்பவர் அனைவரும் ஆடவர்.

ஒரு காலத்தில் சாலியமங்கலம், ஊத்துக்காடு, சூலமங்கலம், நல்லூர், தேப்பெருமாநல்லூர் எனப் பல ஊர்களில் இக்கலை விளங்கியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சில ஊர்களில் நின்றுபோயிற்று. காரணம் வெளிப்படை. ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் உத்தியோகம் தேடி நகரங்களுக்குச் சென்றனர். கிராமத்தில் எஞ்சியவர் கையில் இருந்த நிலமும் சுருங்கியது. விடுதலைக்குப் பின்னர் 1952-ல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1961-ல் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. 1970-ல் அவ்வரம்பு மேலும் குறைக்கப்பட்டது. உழைத்தவனுக்கு அவன் பங்கைத் தந்த இச்சட்டங்கள் நியாயமானவை. பழைய மிராசுதாரரின் தாராளத்தை நினைந்து பெருமூச்சு விடுவோர், அத்தாராளம் யாருடைய வியர்வையிலிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

நிலம் போன பின்னும் மெலட்டூரில் நாடகம் ஏன் பிழைத்தது? அதனை வெறும் கேளிக்கையாகக் கருதாமல் விரதமாகக் கருதிய குடும்பங்கள் இருந்தமையால் பிழைத்தது. வெளியூரில் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் பணிபுரியும் நடிகர்கள் விடுமுறை எடுத்து, ஜயந்தி நாளுக்கு ஊர் திரும்புகின்றனர். தந்தை புனைந்த வேடத்தை மகன் புனைகிறான். ஈ. கிருஷ்ணய்யர் போன்ற அறிஞர்கள் இக்கலையின் பெருமையை வெளியுலகிற்கு எடுத்துரைத்தனர். பின்னர் கலைக் கழகங்களின் உதவியும் அன்பர்களின் நன்கொடையும் வந்து சேர்ந்தன. உதவி வந்தபின் விரதம் தொடங்கியதன்று. விரதம் நின்றமையால் உதவி வந்தது. அரங்கு நடத்துவோர்க்கு மெலட்டூர் புகட்டும் முதற் பாடம் இவ்வரிசை முறையே. பணம் திரட்டிய பின் பணியைத் தொடங்குவோம் என்று காத்திருக்கும் சங்கங்கள் பெரும்பாலும் காத்திருப்பதோடே முடிந்துவிடுகின்றன.

பிடி அரிசியும் பெருங்கொடையும்

திருவையாற்றில் வாழ்ந்த தியாகராஜ சுவாமிகள் அரசன் அழைத்தும் அவைக்குச் செல்லவில்லை என்பது எல்லோரும் அறிந்த வரலாறு. அவர் உஞ்சவிருத்தி செய்து வாழ்ந்தார். இராமநாமத்தைப் பாடி வீதியில் வருங்கால் இல்லந்தோறும் இட்ட அரிசியே அவர்தம் இல்லத்தையும் சீடர்களையும் காத்தது. இதனை இரத்தல் என்று கொள்ளுதல் பிழை. இரப்பவன் ஒருவனிடமே நிறையக் கேட்கலாம். உஞ்சவிருத்தியோ பலரிடம் சிறிது சிறிதாகப் பெறுவது. பிடி அரிசி இட்ட எவரும் பாடகரின் எஜமானர் ஆகிவிட முடியாது. இந்தக் கீர்த்தனம் வேண்டும், அது வேண்டா என்று ஆணையிடவும் முடியாது. அரசன் தரும் பொன்னை மறுத்து ஊரார் தரும் அரிசியை ஏற்றதில், எளிமையைக் காட்டிலும் ஆழ்ந்த ஒரு நுட்பம் உண்டு. சுமையைப் பலர் தோளில் பரப்பியவன் ஒருவருக்கும் அடிமையாவதில்லை.

சுவாமிகளின் தமையனார் இச்செயலைக் கண்டு சினந்ததாகவும், பூஜித்த விக்கிரகங்களைக் காவிரியில் எறிந்ததாகவும் வரலாறு கூறுவர். காலட்சேப மேடைகளில் அவரைக் கொடியவராகவே சித்திரிப்பது வழக்கம். செயல் கொடியதே. ஆனால் அவர் கேட்ட வினா ஒன்று உண்டு: வீட்டில் உலை வைப்பது எவ்வாறு? அது மூடர் வினா அன்று. தன் இசையை விற்காதிருக்கும் உரிமை சுவாமிகளுக்கு இருந்தது. பிறர் இசையை விலையின்றிக் கொள்ளும் உரிமை ரசிகருக்கு உண்டா என்பது வேறு வினா. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதால்தான் பல சபைகளில் அநீதி நுழைகிறது.

1847-ல் சுவாமிகள் சித்தியடைந்தார். நாளடைவில் சமாதி கவனிப்பாரற்றுப் போகும் நிலையில், இவ்வட்டத்தைச் சேர்ந்த உமையாள்புரத்துச் சீடர் பரம்பரையினர் அதனைப் போற்றிக் காத்தனர். 20-ஆம் நூற்றாண்டில் ஆராதனை விழாவாக வளர்ந்தபோது, வளர்ச்சியுடன் பூசலும் வளர்ந்தது. பெரிய கட்சி, சின்ன கட்சி என இரு பிரிவினர் தனித்தனியே விழா நடத்தினர். பெண்கள் சந்நிதியில் பாட எவரும் இடந்தரவில்லை. இலாபம் இல்லாத இடத்திலும் போட்டி உண்டு என்பதற்கு இதுவே சான்று. பணத்திற்காகச் சண்டையிடாதவர், முதல் மரியாதைக்காகச் சண்டையிடுவர்.

அந்நிலையில் வந்தவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தாசி மரபிற் பிறந்து, பாடியும் ஆடியும் தாம் ஈட்டிய பொருளைக் கொண்டு சமாதி நிலத்தை வாங்கி, 1921-ல் திருப்பணி தொடங்கி, 1925-ல் குடமுழுக்குச் செய்வித்தார். ஆலயத்தைக் கட்டியவருக்கே அங்கு நடந்த விழாவில் பாட இடமில்லை. அவர் மனம் தளரவில்லை. பெண்களைத் திரட்டித் தனியே ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிவுகள் ஒன்றுபட்டன. ஆடவரும் மகளிரும் பாடும் விழாவாக ஆராதனை மலர்ந்தது. 1952-ல் அம்மையார் மறைந்தார். சுவாமிகள் சந்நிதிக்கு எதிரே அவருடைய சமாதி அமைந்துள்ளது.

கொடுத்தவருக்கு உரிமை உண்டா என்னும் வினாவிற்கு அம்மையார் வாழ்வு விடை பகர்கிறது. அவர் தமக்கென முன்வரிசை கேட்கவில்லை. தமக்குப்பின் வரும் பெண்கள் எல்லோருக்கும் வாசல் திறக்கவேண்டும் என்று கேட்டார். தனக்கு மட்டும் சலுகை கேட்கும் கொடை வாணிகம். பிறருக்காக நீதி கேட்கும் கொடை தருமம். நன்கொடையாளர் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கலாகாது என்பதை அளக்க இதனினும் சிறந்த அளவுகோல் இல்லை.

இன்றும் திருவையாற்றில் கேட்போர் கட்டணம் செலுத்துவதில்லை. பாடுவோர் ஊதியம் பெறுவதில்லை. ஆயினும் பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் உணவிற்கும் பொருள் வேண்டியிருத்தலின், தியாகப்பிரம்ம மகோற்சவ சபையும் புரவலர்களும் அப்பொறுப்பைச் சுமக்கின்றனர். பாபநாசத்தை அடுத்த சுந்தரபெருமாள் கோயிலைச் சேர்ந்த கருப்பையா மூப்பனார், அரசியற் பணிகளுக்கிடையே 2001-ல் மறையும்வரை பல்லாண்டுகள் அச்சபையின் தலைமைப் பொறுப்பை ஏற்று நடத்தினார். வயல் சூழ்ந்த இவ்வட்டாரத்திற்கும் அவ்விழாவிற்கும் உள்ள உறவு பழமையானது.

நுழைவுச் சீட்டு பாவமா?

நிலமானியம் குறைந்த காலத்தில் பட்டணத்தில் வேறொரு முறை தோன்றியது. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1896-ல் பார்த்தசாரதி சுவாமி சபை எழுந்தது. 1927-ல் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டின் பயனாக 1928-ல் சங்கீத வித்வத் சபை நிறுவப்பட்டது. 1943-ல் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. உறுப்பினர் சந்தாவும் சீட்டு வருமானமும் விளம்பரமும் நன்கொடையும் இவற்றின் வரவினங்கள். பெயர் பெற்ற சங்கீத வித்வத் சபைக்கே சொந்த அரங்கின் அடிக்கல் 1955-ல்தான் நடப்பட்டது. 1962-ல்தான் அரங்கு திறக்கப்பட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சொந்தக் கூரையின்றியே அது மார்கழி விழாக்களை நடத்திவந்தது. அரங்கென்பது முதலில் மனிதர் கூட்டம், கட்டடம் பின்னரே.

சீட்டு விற்பதைப் பாவமென்று கருதும் ஆஸ்திகர் சிலர் இருக்கின்றனர். அது அத்தனை எளிதாகத் தீர்ப்புச் சொல்லத்தக்க செய்தியன்று. சீட்டுக்குப் பொருள் செலுத்துவோன் அரங்கின் செலவில் தன் பங்கை ஏற்கிறான். ஆனால் சீட்டு வருமானம் மட்டுமே அரங்கைக் காக்குமா? காக்காது என்று 1966-ல் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் இருவரும் தம் நூலில் காட்டினர். பிற தொழில்களில் கருவிகள் பெருகப் பெருக ஓராள் செய்யும் வேலை பன்மடங்காகிறது. அதற்கேற்பக் கூலியும் உயர்கிறது. நால்வர் சேர்ந்து வாசிக்கும் இசையை இன்றும் நால்வர்தான் வாசிக்க வேண்டும், நேரத்தையும் குறைக்கவியலாது. எனவே கலையின் செலவு மட்டும் ஆண்டுதோறும் உயர்ந்துகொண்டே போகும், வரவு பின்தங்கும்.

தஞ்சைத் தரணியில் வாழ்வோர்க்கு இதனை விளக்க நூல் வேண்டுவதில்லை. 1960-களின் நடுவே ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையின் ஏ.டி.டி. 27 நெல் பரவியது. பின்னர் உழவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வந்தன. முன்பு இருபது பேர் நாள் முழுதும் அறுத்த வயலைச் சில நாழிகையில் அறுத்து முடிக்கின்றனர். பிரகலாத சரித்திரமோ இன்றும் ஓரிரவு முழுதும் கொள்கிறது. பல்லவி பாட இன்றும் பாடகர், வயலின்காரர், மிருதங்கக்காரர் வேண்டும். அவரவர் பின்னே பத்துப் பதினைந்தாண்டுச் சாதகம் வேண்டும். நாற்றங்காலில் அவசரப்படலாம், குருகுலத்தில் அவசரப்படவியலாது. ஆகவே இலாபமற்ற அரங்கிற்குக் குறைவு ஏற்படுவது நிர்வாகத்தின் தவறென்று எப்போதும் சொல்வதற்கில்லை. அது கலையின் இயல்பு. அக்குறைவை ஊர் ஒன்றுகூடி நிரப்ப வேண்டும். நிரப்புவது தயை அன்று. கேட்டு மகிழ்ந்தவர் செலுத்தவேண்டிய கடன்.

பொருளின் தூய்மை

குறைவை நிரப்ப எவர் கொடுத்தாலும் வாங்கலாமா? இவ்விடத்தில் திருமங்கையாழ்வார் வரலாற்றை எடுத்துக்காட்டுவோர் உண்டு. அடியார்க்கு அமுது செய்விக்க வழிப்பறி செய்தார் என்றும், நாகப்பட்டினத்துப் பொன் புத்தர் உருவைக் கொணர்ந்து திருவரங்கத் திருமதில் திருப்பணி செய்தார் என்றும் குருபரம்பரை நூல்கள் கூறும். நற்காரியம் பொருளைத் தூய்மை செய்துவிடும் என்று இதிலிருந்து முடிவு கட்டுதல் பொருந்துமா? ஆழ்வார் தமக்கென ஒரு காசும் வைத்துக்கொள்ளாதவர். தம்மையே எம்பெருமானிடம் ஒப்படைத்தவர். அந்நிலை எய்தாதவன் அச்செயலை மேற்கோள் காட்டுதல் தகாது. ஆழ்வாரை வணங்குவதற்கும், ஆழ்வார் பெயரால் கள்ளப் பணத்தை வரவு வைப்பதற்கும் வேறுபாடு பெரிது.

அதே நாகப்பட்டினத்தில் பிற்காலத்தில் எழுந்த பௌத்த விகாரத்திற்கு இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்தான் என்பதைச் செப்பேடு கூறுகிறது. பிறர் சமயத்தின் இல்லத்தையும் காத்தல் இந்நாட்டில் முன்பே கண்ட நெறி. இவ்விரு வரலாறுகளையும் அருகருகே வைத்துப் படிப்போர்க்கு, எதனை வணங்க வேண்டும், எதனைப் பின்பற்ற வேண்டும் என்பது விளங்கும்.

மக்களை வஞ்சித்துச் சேர்த்த பொருள் மேடை விளக்காக எரிந்தாலும் அதன் புகை அரங்கில் தங்கும். கொடுப்பவர் தம் பழியை மறைக்கக் கலையைத் திரையாக்கிக் கொள்வர். அரங்கு அத்திரைக்குக் கூலி பெற்றதாகும். பெருந்தொகை ஒன்றை மறுத்து, சிறு தொகை நூறு பெறுவதே மேல். நூறு பேரிடம் சென்று கேட்பது கடினம். அக்கடினமே அரங்கிற்குக் காவல்.

பாடுவோர் இல்லத்து உலை

இனிப் பாடுவோர் ஊதியம். இதற்கு விடை தேட வேற்றூர் செல்ல வேண்டுவதில்லை. ஊர்ப் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய பாபநாசம் சிவன் வாழ்க்கையே விடை. 1890-ல் போலகத்தில் பிறந்து, பாபநாசத்தில் வாழ்ந்ததால் அப்பெயர் பெற்றவர். மார்கழி விடியலில் மயிலை மாட வீதிகளில் பஜனை செய்துகொண்டு சென்றவர் அவரே. அதற்கு அவர் ஊதியம் பெற்றதில்லை. 'அசோக்குமார்', 'சிவகவி' முதலிய திரைப்படங்களுக்குப் பாடல் இயற்றியவரும் அவரே. அஃது அவர் தொழில். 1971-ல் சங்கீத கலாநிதி விருது பெற்று, 1973-ல் மறைந்தார். வீதியில் பாடியது மெய், படத்திற்கு எழுதியது பொய் என்று எவரும் கூறவில்லை. ஒன்று கைங்கர்யம், மற்றொன்று ஜீவனம். ஜீவனம் செவ்வனே நடந்தால் கைங்கர்யம் தானே மலரும்.

கைங்கர்யம் என்பது செய்பவன் தானே உவந்து ஏற்பது. அதனைப் பிறர்மீது விதித்தால் அது கைங்கர்யம் ஆகாது. வெட்டி வேலை ஆகும். புகழ்மிக்க வித்துவான் ஊதியம் வேண்டா என்று சொன்னால், அவர் பின்னே அமர்ந்து தம்புரா மீட்டும் இளைஞனும், கடம் வாசிக்கும் ஏழையும் அவ்வாறே சொன்னதாகக் கொள்ளலாகாது. மேடையின் நடுவே அமர்ந்தவரின் தியாகம் ஓரத்தில் அமர்ந்தவரின் பட்டினியாக மாறிவிடுதல் பல இடங்களில் நிகழ்வது. மேடை ஏறுவதற்காக இளங்கலைஞரே பொருள் கொடுக்க நேரும் வழக்கம் சிலவிடங்களில் உண்டெனப் பேசப்படுவது இன்னும் வருந்தத்தக்கது. இலாபம் வேண்டாத சபை, இளையோரின் இல்லாமையை இலாபமாக்கிக் கொள்வது விந்தையான முரண்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி கடல் கடந்த நாட்டில் உண்டு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலண்டன் மாநகரில் அரங்குகள் மூடப்பட்டன. தேசியச் சித்திரசாலையின் சித்திரங்களைப் பாதுகாப்பிற்காக வெளியூர் அனுப்பிவிட்டனர். வெறுஞ்சுவர்கள் நின்ற அம்மண்டபத்தில் பியானோ கலைஞரான மைரா ஹெஸ் அம்மையார், 1939 அக்டோபர் முதல் 1946 ஏப்ரல் வரை நண்பகல் கச்சேரிகளை நடத்தினார். குண்டுகள் விழுந்த நாட்களிலும் அவை நிற்கவில்லை. மொத்தம் 1,698 கச்சேரிகள். கட்டணம் ஒரு ஷில்லிங். புகழ் பெற்றவர், பெறாதவர் என்னும் வேறுபாடின்றிக் கலைஞர்க்கு ஒரே அளவு ஊதியம். அம்மையார் மட்டும் தமக்கு ஒன்றும் பெறவில்லை. மிஞ்சியது நலிந்த இசைவாணர் நிதிக்குச் சென்றது. அவர் துறந்தது தம் பங்கை மட்டுமே. பிறர் பங்கைத் துறக்கவில்லை. தியாகத்தின் இலக்கணம் இதுவே.

ஊர் செய்யத்தக்கவை

மேற்கண்டவற்றைத் தொகுத்தால் சில நெறிகள் துலங்கும். அரங்கைத் தாங்குவோர் பலராயிருத்தல் வேண்டும்; ஒருவர் தோளில் நிற்கும் பந்தல் அவர் நகர்ந்தவுடன் சாயும். அறுவடைக்குப்பின் வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல், அல்லது அதன் விலை என்று ஊர் வகுத்துக்கொண்டால் எவருக்கும் அது பெருஞ்சுமையாகாது. நற்காலத்தில் வந்ததில் ஒரு பகுதியை நிலைநிதியாக வைத்தல் வேண்டும். மேட்டூர் அணை திறக்கத் தாமதமாகும் ஆண்டுகளும் இந்நாட்டில் உண்டு. அவ்வாண்டில் ஊராரிடம் கை நீட்டாமல் விழா நடத்த அந்நிதி உதவும்.

வரவு செலவுக் கணக்கை ஆண்டுதோறும் தணிக்கை செய்வித்துக் கோயில் வாசலில் ஒட்டுதல் வேண்டும். சட்டம் கேட்பதற்காக மட்டுமன்று. பிடி அரிசி இட்ட கிழவிக்கும் அது எங்கே சென்றதென அறியும் உரிமை உண்டு. கொடையாளர் பெயரை வாசிக்கலாம். பாடுவோர் யார், பாட்டு எது என்பதை அவர் தீர்மானித்தல் கூடாது. பக்கவாத்தியக்காரர், ஒப்பனைக்காரர், பந்தல்காரர் கணக்கை முதலில் தீர்த்து, வித்துவானின் பொன்னாடையைப் பின்னர் வாங்குதல் வேண்டும். கேட்க வருவோர் எவரையும் வாசலில் நிறுத்துதல் கூடாது. தரையில் விரித்த பாய் எல்லோருக்கும் பொது.

இவையெல்லாம் செய்தும் ஓராண்டு குறைவு நேரலாம். நாடகம் எளிமையாக நடக்கலாம். மின்விளக்கு அலங்காரம் குறையலாம். அதனால் இழுக்கில்லை. பெருமாள் தீவட்டி ஒளியிலும் நாடகம் கண்டருளியவர். நடவாமல் நின்றுபோவதே இழுக்கு. ஓராண்டு நின்ற கலை மறு ஆண்டு தானே எழுவதில்லை. கற்பித்தவர் மறைவர்; கற்றவர் மறப்பர்; பின்னர் களஞ்சியம் நிறைய நெல் இருந்தாலும் அளந்து வாங்க ஆள் இராது.

பாபநாசத்திற்கு அருகே கபிஸ்தலத்தில் கஜேந்திர வரதர் எழுந்தருளியுள்ளார். முதலையின் வாய்ப்பட்ட யானை ஓலமிட்டது தன் உயிருக்காக அன்று, தும்பிக்கையில் ஏந்திய தாமரை வாடுமுன் அதனைத் திருவடியிற் சேர்ப்பிக்க வேண்டுமே என்பதற்காக என்று பெரியோர் உரை செய்வர். காலம் என்னும் முதலை ஒவ்வோர் ஊரின் காலையும் பற்றி இழுக்கிறது. முன்னோர் கையளித்த மலர் இத்தலைமுறையின் கையில் இருக்கிறது. அதனை வாடாமல் உயர்த்திப் பிடிப்பதற்கு வேண்டுவன சில மரக்கால் நெல்லும், நேர்மையான கணக்கும், ஒன்றுபட்ட மனமுமே. அவை இவ்வூரார்க்கும் இவ்வட்டாரத்தார்க்கும் என்றும் குறையாதிருக்க எம்பெருமான் அருள்புரிவானாக.